வெளுத்ததெல்லாம் பூச்சி இல்லை

இந்த முறை தொட்டிச் செடி பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எச்சவேரியா, ஜேட், கள்ளி, கற்றாழை என்று சதைப்பற்றுச் செடிகளைப் பற்றியவை. ஏறக்குறைய எல்லாமே ஒரே வரியில்தான் முடிகின்றன: "என்ன மருந்து அடிக்கலாம்?" செடியில் கண்ட வெள்ளை துடைத்தால் வந்ததா, நகர்ந்ததா, செடியின் நுனியில் இருந்ததா, அடியில் இருந்ததா என்று எழுதியவர்கள் குறைவு. அதனால் பார்த்ததை விவரமாக எழுதியவர்களுக்கே முதலில் பதில். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வாங்கும் காசில் பாதி மிச்சமாகும்.

கேள்வி: அம்மா, என் எச்சவேரியாவின் இலை இடுக்குகளில் பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. வாராவாரம் வேப்பெண்ணெய் அடிக்கிறேன். போன மாதிரி இருக்கும், மறுபடி வந்துவிடும். வாங்கிய எண்ணெய் போலியோ?

எண்ணெய் மேல் பழி போடாதீர்கள். இது மாவுப்பூச்சி. அந்தப் பஞ்சுதான் அதன் கவசம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நீள்வட்டமாக, இளஞ்சிவப்போ வெளிர் மஞ்சளோ கலந்த உடல், மேலே மாவு தூவியது போல மெழுகு, ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன மெழுகு இழைகள். தொட்டால் ஓடாது, மெதுவாகக் காலை அசைக்கும், அவ்வளவுதான். தண்ணீரில் கலந்த எதுவும் அந்த மெழுகில் ஒட்டாமல் உருண்டு போய்விடும். பக்கத்தில் தனியாகக் கிடக்கும் பஞ்சு உருண்டைகள் முட்டைப்பை. சில வகைகளில் ஒரு பெண் பூச்சி 300 முதல் 600 முட்டை வரை இடும். நீங்கள் அடித்தபோது வெளியே இருந்த குஞ்சுகள் செத்திருக்கும். பைக்குள் இருந்தவை ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் பொரிந்து வந்திருக்கும். "மறுபடி வந்துவிடுகிறது" என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

காது குடையும் பட்ஸை 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஒவ்வொரு பூச்சியையும் தொட்டு எடுங்கள். ஆல்கஹால் மெழுகைக் கரைத்துவிடும். பட்ட உடனே பூச்சி நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். 90-க்கு மேல் உள்ளது வேண்டாம், அது சட்டென்று ஆவியாகிவிடும், இலைக்கும் கடுமை. வெயிலில் வைத்துச் செய்யாதீர்கள், அடுப்பு, விளக்குப் பக்கமும் வேண்டாம். முதலில் அடி இலை ஒன்றில் தொட்டு, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மற்றதில் கை வையுங்கள். எச்சவேரியா இலையில் இயல்பாகவே ஒரு வெண்பூச்சு உண்டு. ஆல்கஹால் பட்ட இடத்தில் அது போனால் அதே இலையில் திரும்பாது. புதிதாக வரும் இலைகளில்தான் இருக்கும். அழகு கொஞ்சம் குறையும், செடி பிழைக்கும்.

ஏழு நாளுக்கு ஒரு தடவை, ஒன்றுகூடக் கண்ணில் படாத பிறகும் இன்னும் இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். இங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வேப்பெண்ணெய்க்கு வேலை வருவதும் இந்தக் கட்டத்தில்தான். புதிதாகப் பொரிந்த குஞ்சின் மேல் மெழுகு இன்னும் படிந்திருக்காது, அதன் மேல் எண்ணெய் ஒட்டும். மாலையில் அடியுங்கள், எண்ணெய் பூசிய இலையை வெயிலில் காய வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் "தொட்டியில் எறும்பும் இருக்கிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முக்கியமான தகவல்! மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும். அதற்காகவே எறும்பு வரும், பூச்சியைத் தின்ன வருகிற மற்றப் பூச்சிகளை விரட்டும், குஞ்சுகளை இடம் மாற்றியும் வைக்கும். எறும்பை நிறுத்தாமல் இதை ஒழிப்பது கஷ்டம்.

இன்னொன்று. மேலே சுத்தமாகிவிட்ட பிறகும் செடி மந்தமாகவே நின்றால் தொட்டியிலிருந்து கழற்றிப் பாருங்கள். வேரிலும் தொட்டியின் உள்சுவரிலும் நீலம் கலந்த வெண்மெழுகு திட்டுத் திட்டாக இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண் முழுவதையும் உதறி வேரைக் கழுவி, கெட்டுப்போன வேர்களை நறுக்கி, நிழலில் சில நாள் காயவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். பழைய மண்ணை வேறு செடிக்குப் போடாதீர்கள். தொட்டியைக் கொதிநீரில் கழுவலாம், அது தாங்கும் தொட்டியாக இருந்தால்.

கேள்வி: மேடம், மாவுப்பூச்சி இருந்த செடியில் இப்போது அதைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் நீண்ட வெள்ளை முடியோடு ஒன்று வேகமாக ஓடுகிறது. நசுக்கிவிடலாமா?

நல்லவேளை, கேட்டீர்கள். நசுக்க வேண்டாம். மாவுப்பூச்சி ஓடாது. ஓடுவது, அதுவும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது, மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுவாகத்தான் இருக்க வேண்டும். பெயர் கிரிப்டோலேமஸ் மான்ட்ரூசியரி. வளர்ந்த வண்டு கறுப்பு, தலையும் பின்நுனியும் மட்டும் ஆரஞ்சு. இதன் புழு தான் தின்கிற பூச்சியைப் போலவே மெழுகு வேஷம் போட்டுக்கொண்டு திரியும். பூர்விகம் ஆஸ்திரேலியா. 1891-ல் ஆல்பர்ட் கோபெல் என்ற பூச்சியியலாளர் எலுமிச்சை வகைத் தோட்டங்களைக் காப்பாற்ற இதைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பிவைத்தார். இன்றும் இதை வளர்த்து விற்கிறார்கள்.

உங்கள் செடிக்குத் தானாக வந்திருக்கிறது. இது இருக்கும்வரை ஆல்கஹால், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். தின்னக் கிடைக்காமல் போனால் அதுவே கிளம்பிவிடும்.

கேள்வி: ஜேட் செடியின் இலை முழுக்க ஊசியால் குத்தியது போல வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். என்ன பூச்சி?

பூச்சியே இல்லை. ஜேட் இலையில் நீர் கசியும் நுண்துளைகள் உண்டு. நீங்கள் ஊற்றும் தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால், கசிந்த நீர் காய்ந்து உப்பு மட்டும் புள்ளியாக நிற்கும். ஈரத்துணியால் துடையுங்கள், போய்விடும். முடிந்தால் மழைநீர் ஊற்றுங்கள். மருந்துக்கடைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: இதுவும் ஜேட்தான். இலை மேல் அடுப்புக்கரி படிந்தது போலக் கறுப்பு, தொட்டால் பிசுபிசுப்பு. பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்துக் கழுவச் சொன்னார்கள். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். ஜேட் செடிக்குச் சோப்பு ஆகாது. பூச்சிக்கென்றே விற்கும் சோப்புக் கரைசலையும் அது தாங்காது, இலையில் புள்ளி விழுந்து உதிரும். பாத்திர சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது. இலையின் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும்.

அந்தக் கறுப்பு ஒரு பூஞ்சைதான், ஆனால் செடியைத் தின்னும் பூஞ்சை இல்லை. மேலே சொன்னேனே, உறிஞ்சும் பூச்சிகளின் இனிப்புக் கழிவு, அதன் மேல் வளர்கிறது. வெறும் ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். பூஞ்சைக்கொல்லி வாங்கினால் பணம்தான் தண்டம். கறுப்பு படிந்த இலைக்கு நேர் மேலே உள்ள தண்டைப் பாருங்கள்: பழுப்பாக, கடுகை அமுக்கி ஒட்டியது போலப் புடைப்புகள் இருக்கிறதா? நகத்தால் நெம்புங்கள். தண்டின் சொந்தத் தழும்பாக இருந்தால் வராது. பெயர்ந்து வந்து அடியில் ஈரமாக இருந்தால் செதில் பூச்சி. நெம்பி எடுத்துவிட்டு அந்த இடத்தை ஆல்கஹால் பட்ஸால் துடையுங்கள். முதிர்ந்த செதிலுக்குள் எந்த ஸ்பிரேயும் இறங்காது. இதில் நகத்தை மிஞ்சிய மருந்து எனக்குத் தெரிந்து கிடையாது.

கேள்வி: கலஞ்சோ இலைகளில் முகப்பவுடர் கொட்டியது போல வெண்மை. இது செடியின் இயல்பான பூச்சா, நோயா? நான் தினமும் பார்த்துக் குழம்புகிறேன்.

குழப்பம் நியாயமானது. சில கலஞ்சோக்களுக்கும் இயற்கையிலேயே வெண்பூச்சு உண்டு. அடி இலை ஒன்றை விரலால் தேய்த்துப் பாருங்கள். இயல்பான பூச்சு இலை முழுக்க ஒரே சீராக இருக்கும்; தேய்த்த இடத்தில் வழவழப்பான, பழுதில்லாத இலை தெரியும். சாம்பல் நோய் வட்ட வட்டமாகத் தொடங்கும், திட்டுகள் விரிந்து ஒன்றோடொன்று சேரும். துடைத்தால் அடியில் மஞ்சளாகவோ சொரசொரப்பான பழுப்புத் தழும்பாகவோ இருக்கும். சில நாளில் பவுடர் திரும்பி வந்துவிடும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான்.

பூஞ்சை என்றவுடன் எல்லோரும் தண்ணீரைக் குறைக்கிறார்கள். மற்ற பல பூஞ்சைகளின் வித்து முளைக்க இலை நனைந்திருக்க வேண்டும், இதற்கு அது தேவையில்லை. காற்றோட்டமில்லாத ஈரக்காற்றே போதும். செடிகளை நெருக்கி அடுக்கி வைத்திருந்தால் முதலில் பிரித்து வையுங்கள். அதிகம் பாதித்த இலைகளைக் கிள்ளி எறியுங்கள். மீதிக்கு பொட்டாசியம் பைகார்பனேட் கரைசல் நல்லது. சமையல் சோடாவும் அதே குடும்பம்தான், ஆனால் அதில் உள்ள சோடியம் தொட்டிமண்ணில் சேர்ந்துகொண்டே போகும், அதனால் எனக்கு அது பிடிக்காது. நனையும் கந்தகத் தூள் பழைய, நம்பகமான மருந்து. இரண்டு நிபந்தனை: வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் அடிக்கக் கூடாது, எண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலை கருகும். ஏற்கெனவே விழுந்த தழும்பு எதற்கும் மறையாது, அதைப் பார்த்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று மறுபடி அடிக்காதீர்கள்.

கேள்வி: மண்ணின் மேல் வெள்ளையாகப் பூசணம். செடி செத்துவிடுமா, சகோதரி?

பூசணம்தானா என்று முதலில் பாருங்கள். ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு உப்பு. நுரைக்காவிட்டாலும், கெட்டியாக நொறுங்கினால் வேறு உப்பாக இருக்கலாம். நூல் நூலாக, மெத்தென்று இருந்தால் பூஞ்சை. அந்தப் பூஞ்சையும் தேங்காய் நார்த்தூள், மக்கு இவற்றைத் தின்று வாழ்வது. உயிருள்ள வேரில் அதற்கு அக்கறை இல்லை. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பருமணல் போடுங்கள்.

ஆனால் ஒன்று. சதைப்பற்றுச் செடியின் மண்ணில் பூஞ்சை வளரும் அளவுக்கு ஈரம் நிற்கிறது என்றால் கீழே வேரின் நிலைமை என்ன? நான் கவலைப்படுவது அதற்குத்தான்.

கேள்வி: தொட்டியைச் சுற்றிக் குட்டிக் கறுப்பு ஈக்கள். பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டை மாட்டினேன். அட்டை நிறைகிறது, ஈ குறையவில்லை.

அட்டையில் மாட்டுவது பறக்கிற ஈ மட்டும்தான். இது பூஞ்சை ஈ. இதன் புழு மேல்மண்ணில் இருக்கிறது. பளிங்கு போன்ற உடம்பு, பளபளக்கும் கறுப்புத் தலை. உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண் மேல் வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள், அடியில் கூடியிருக்கும். மண்ணை நன்றாகக் காயவிட்டாலே பெரும்பாலானவை போய்விடும். சதைப்பற்றுச் செடிக்கு அது தண்டனையும் அல்ல. இலை ஊன்றி முளைக்க வைத்த நாற்றுகளை அப்படிக் காயப்போட முடியாது; அங்கே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். கொசுப்புழுவுக்குப் போடுவதும் அதேதான்.

கேள்வி: என் உருண்டைக் கள்ளி பழுப்பாகிக்கொண்டே வருகிறது. இமிடாகுளோபிரிட் பூச்சிக்கொல்லி அடித்தும் நிற்கவில்லை.

பழுப்பு அடியில் தொடங்கியதா, உச்சியில் தொடங்கியதா? அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறி, மரப்பட்டை போலக் கெட்டியாக இருந்தால் அது வயது. கள்ளி அப்படித்தான் முதிரும். விட்டுவிடுங்கள். உச்சியில், இளசான பகுதியில், துரு தூவியது போல வந்தால் செஞ்சிலந்திப் பேன்.

வெள்ளைத் தாளை ஒட்டிப் பிடித்துக்கொண்டு முட்களைத் தூரிகையால் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியை ஒரு நிமிடம் பாருங்கள். தூசி நடந்தால் விஷயம் தெரிந்துவிடும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் நடப்பது தெரியும். தாளை மடித்து நசுக்கினால் சில சமயம் செம்பழுப்புக் கோடு விழும். முட்களுக்கு நடுவே மெல்லிய வலையும் இருக்கலாம்.

இதற்கு எட்டுக் கால், சிலந்திக் குடும்பம், பூச்சியே அல்ல. இமிடாகுளோபிரிட் இதைக் கொல்லாது. சில செடிகளில் அதை அடித்த பிறகு பேன் பெருகியதும் உண்டு, இதைத் தின்னும் உயிர்கள் செத்துப்போவது ஒரு காரணம். பேன் வறண்ட சூட்டில்தான் கொழிக்கும். செடியைச் சாய்த்துப் பிடித்து, மண் நனையாமல் மூடிக்கொண்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். நாலைந்து நாள் இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள். பிறகும் தாளில் நடமாட்டம் இருந்தால் தோட்ட எண்ணெயோ கந்தகமோ அடிக்கலாம். இரண்டையும் சேர்த்து அல்ல, காரணம் மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: அம்மா, அடி இலைகள் கண்ணாடி போல ஆகி, தொட்டாலே விழுகின்றன. தண்டின் அடி கறுப்பு. கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லி கரைத்து ஊற்றிவிட்டேன். பிழைக்குமா?

ஊற்றியதால் பிழைக்காது. வேரையும் தண்டையும் அழுக வைப்பதில் பித்தியம், பைட்டாப்தோரா என்ற இரண்டுக்குப் பெரிய பங்கு. பார்க்கப் பூஞ்சை போல இருந்தாலும் இவை வேறு இனம். கார்பென்டசிம் இவற்றைத் தொடாது. பியூசேரியம் போன்ற உண்மையான பூஞ்சையாகவே இருந்தாலும் ஏற்கெனவே குழைந்துபோன தண்டை எந்த மருந்தும் திருப்பித் தராது. போதாததற்கு, அழுகும் வேருக்கு நீங்கள் இன்னொரு குவளைத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறீர்கள்.

கத்தியை எடுங்கள், இன்றைக்கே. கூரான பிளேடை ஆல்கஹாலில் துடைத்து, கறுப்புக்கு மேலே நல்ல தண்டில் ஒரே இழுப்பாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். முழுக்க ஒரே நிறமாக, வெளிர்பச்சையோ வெள்ளையோ இருந்தால் சரி. நடுவில் ஒரு பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் அழுகல் உள்குழாய் வழியாக மேலே போய்விட்டது. பிளேடை மறுபடி துடைத்து, இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுங்கள். புள்ளி மறையும்வரை போக வேண்டும், "இவ்வளவு போதும்" என்று மனசு கேட்காமல் நிறுத்தினால் எஞ்சியதும் போகும். துடைக்காமல் வெட்டினால் நோயை நீங்களே மேலே ஏற்றுவீர்கள்.

நல்ல துண்டைக் காற்றோட்டமான நிழலில் வெறுமனே வையுங்கள். மெல்லிய தண்டு ஒரு வாரத்தில் காய்ந்து மூடிக்கொள்ளும், தடித்த கள்ளிக்கு இரண்டு வாரமோ மேலேயோ ஆகும். வெட்டில் கந்தகத் தூள் தூவலாம். பிறகு காய்ந்த மண்ணின் மேல் உட்கார வைத்து, வேர் எட்டிப் பார்த்ததும் தண்ணீர் காட்டுங்கள். வெட்டுவது யூஃபோர்பியாவாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

தண்டில் எதுவுமே தேறாவிட்டால், மேலே கெட்டியாக இருக்கும் இலைகளை அடியோடு திருகி எடுத்துவையுங்கள். எச்சவேரியாவாக இருந்தால் அதிலிருந்தே குட்டி வரும். கண்ணாடி போலான இலைகளால் பயனில்லை.

கேள்வி: கற்றாழையின் இலைக்கு நடுவிலும் பூத்தண்டிலும் காலிபிளவர் போலக் கட்டி கட்டியாக வளர்ந்திருக்கிறது. வெட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

சில சமயம். இது கண்ணுக்கே தெரியாத ஒரு பேனின் வேலை, லென்ஸிலும் பிடிபடுவது கஷ்டம். அது கடித்த இடத்தில் செடியின் செல்கள் தாறுமாறாகப் பெருகிவிடுகின்றன. பேன் கட்டிக்குள் பத்திரமாக இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து உள்ளே போகாது. கட்டி ஓர் இலையோடு நின்றிருந்தால் அதைத் தாராளமாக நல்ல பகுதியும் சேர்த்து வெட்டி, பிளேடை ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, செடியைத் தனியே வையுங்கள். நடுக்குருத்திலேயே கட்டி வந்திருந்தால் நான் செடியோடு தூக்கிப் போட்டுவிடுவேன். காற்றிலேயே பரவக்கூடிய பேன் இது, ஒரு செடிக்காக மற்றவற்றைப் பணயம் வைக்க முடியாது. வெட்டியதைப் பையில் இறுகக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், மக்குக் குழியில் போடாதீர்கள். பக்கத்தில் இருந்த கற்றாழைகளையும், அவற்றின் உறவான ஹாவொர்தியா, கேஸ்டீரியாக்களையும் சில மாதம் கவனித்து வாருங்கள்.